மேலிருந்து கீழே ஓடும் பாட்டு

என் பாட்டு இடமிருந்து வலமாக ஓடும். என் மனைவியின் பாட்டு மேலிருந்து கீழே ஓடும். எங்கள் வீட்டில் போன வருஷம் நடந்ததை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையின் காலடியில், படவேட்டுக்குப் போகிற ரோட்டில், எனக்கு ஒரு ஆன்லைன் சென்டர் இருக்கிறது. முன்னறையில் பட்டா, சாதிச் சான்றிதழ், பரீட்சை விண்ணப்பம். பின்னறையில் இசை. சுவர் முழுக்கப் பழைய கோரைப்பாயும் கம்பளியும் ஆணியடித்து எதிரொலியைக் கொன்று வைத்திருக்கிறேன். ஒரு பெரிய கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு கீபோர்டு, கம்பியில் தொங்கும் மைக், மின்சாரம் போனால் பச்சைக் குழந்தை மாதிரி வீறிடும் யூபிஎஸ். திரையில் பாட்டு சரக்கு ரயில் மாதிரி நிற்கும். மேல் வரிசையில் குரல், அதற்குக் கீழே வயலின், அதற்கும் கீழே தபேலா. பச்சைப் பெட்டி, மஞ்சள் பெட்டி, ஊதாப் பெட்டி. ஒரு மெல்லிய கோடு இடது ஓரத்தில் புறப்பட்டு எல்லாப் பெட்டிகளையும் தடவிக்கொண்டே வலது பக்கம் போகும். அது தொட்ட இடமெல்லாம் பாடும்.

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. உரைநடையிலேயே கவிதை எழுதுகிறவன் நான், அதையும் நடந்துகொண்டே எழுதுகிறவன். ஒரு வரி ஏரிக்கரையில் கிடைக்கும், அடுத்த வரிக்குக் கரும்புத் தோட்டம் வரை போக வேண்டியிருக்கும். இசை மட்டும்தான் என்னை ஒரு நாற்காலியில் கட்டிப்போட்டது. அதற்குக் கூலியாக ஊரில் எனக்கு இன்னொரு நாற்காலி கிடைத்தது. எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு வருஷம் ஒரு புதுப்பாட்டு வேண்டும். தேர் பவனியன்று தேருக்கு முன்னால் ஒரு டிராக்டர் போகும். அதன் டிரெய்லரில் ஸ்பீக்கர் கட்டி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதில் நான் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்து அந்த வருஷத்துப் பாட்டை ஓடவிடுவேன். வார்த்தையும் நான், மெட்டும் நான். தெருவில் நின்று பார்க்கிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் மாதாவைப் பார்ப்பார்கள். கும்பிட்ட கைகள் என்னைக் கடந்துதான் போக வேண்டும். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் என்னிடம் பறிகொடுக்கும்படி இருந்தது அந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான்.

இனி அவளுடையது.

அவளுக்கு மேலே ஜமுனாமரத்தூரில் ஒரு அரசாங்க ஆபீஸில் வேலை. காலையில் போளூர் போய் மலை பஸ் பிடிப்பாள், சாயங்காலம் அதே மாதிரி இறங்குவாள். மலையில் ஏறத் தொடங்கினால் சிக்னல் போய்விடும். பேச முடியாது, படம் பார்க்க முடியாது, புத்தகம் படித்தால் வளைவுகளில் குமட்டும். அவளிடம் இருந்தது நான் வைத்திருந்து கழித்துவிட்ட பழைய செல். அதில் நான் எப்போதோ இறக்கி, நாலு தட்டு தட்டிப் பார்த்து, விளையாட்டுச் சாமான் என்று மறந்துபோன ஒரு ஆப் கிடந்திருக்கிறது. டிராக்கர் என்பார்கள், எண்களை எழுதியே பாட்டுக் கட்டுகிற ஆப். அதற்கு நெட் வேண்டாம், கீபோர்டு வேண்டாம், மின்சாரம் கூட ரொம்ப வேண்டாம். ஒரு கட்டைவிரலும் ஒரு ஜன்னல் சீட்டும் போதும்.

அதைத் திறந்தால் ரயிலும் இருக்காது பெட்டியும் இருக்காது. கறுப்புத் திரையில் எழுத்தும் எண்ணுமாகப் பத்திகள் தொங்கும். ஒவ்வொரு வரியிலும் எந்த ஒலி, எந்த ஸ்வரம், எவ்வளவு சத்தம் என்று குறி. ஒன்பதுக்கு அடுத்துப் பத்து வராது, ஏ வரும். எஃப் வரை போய்விட்டுத்தான் பத்து வரும். பாட்டு அந்த வரிகளில் படி இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே போகும். முதன்முதலில் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னாம்மா இது, மளிகைக் கடை பில்லு மாதிரி கீது?"

"ஆமாங்க," என்றாள், தலை தூக்காமல். "கடைசியில கூட்டுனா பாட்டு வருது."

கூட்டிக் காட்டினாள். வந்தது பாட்டுதான். அரை நிமிஷம்கூட இருக்காது. எனக்குத் தெரிந்த எந்த ஓசையும் அதில் இல்லை, ஆனால் எல்லாமே எங்கேயோ கேட்டது. அடியில் ஒரு தொப், தொப் என்று ஈரமான தட்டல். அதன் மேல் ஒரு இரும்புக் கடக். நடுநடுவில் ஏதோ மூச்சு வாங்குகிறது. என்னிடம் கம்ப்யூட்டரில் நாட்டு மேளங்களின் தொகுப்பே இருக்கிறது. தவிலை மட்டும் பத்து விதமாக அடித்துப் பதிந்தது. அதில் இந்தத் தொப் இல்லை.

"இது எந்த மேளம்?"

"பலாப்பழம்."

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் பலாப்பழம் விற்கிற அம்மா, பழம் முற்றிவிட்டதா என்று உள்ளங்கையால் தட்டிக் காட்டுவாராம். இவள் செல்லை நீட்டி அந்த ஓசையைப் பதிந்துகொண்டாள். இரும்புக் கடக், மலை பஸ்ஸின் பின்கதவுத் தாழ்ப்பாள். மூச்சு வாங்குகிறது என்று நான் நினைத்தது, ஏற்றத்தில் டிரைவர் கியர் மாற்றும்போது பஸ் விடுகிற காற்று. ஆபீஸ் முத்திரையை மைப்பெட்டியில் குத்தித் தாளில் குத்துகிற ஓசையைக்கூட விட்டுவைக்கவில்லை. அதைக் கையில் சொடுக்குப் போடுகிற மாதிரி ஆக்கி வைத்திருந்தாள்.

அன்றைக்குப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் பத்து விதத் தவிலையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாமே துவைத்து மடித்து வைத்த துணி மாதிரி இருந்தன.

பொறாமை எனக்குப் புதுசில்லை. கவிதை எழுதுகிறவன் அது இல்லாமல் வளர முடியாது. திருவண்ணாமலையில் ஒருவன் புத்தகம் போட்டால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. ஆனால் அதெல்லாம் வெளியூர்ப் பொறாமை, பஸ் ஏறி வந்து பஸ் ஏறிப் போய்விடும். இது வீட்டிலேயே தங்கியது. குழம்பு கொதிக்கும்போது அவள் கட்டைவிரல் அடுப்பு மேடையில் தாளம் போட்டால் எனக்குள் ஏதோ சுருங்கியது. துணி உலர்த்திக்கொண்டே திடீரென்று நின்று, கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பிலிருந்து செல்லை எடுத்து ஒரு எண்ணை மாற்றிவிட்டு மறுபடி உலர்த்துவாள். நான் ஒரு எண்ணை மாற்ற வேண்டுமென்றால் பின்னறைக்குப் போய், மெயின் சுவிட்சைப் போட்டு, யூபிஎஸ் தயாராகி, கம்ப்யூட்டர் விழித்து, அந்தப் பெரிய மென்பொருள் தன் பரிவாரத்தை ஒவ்வொன்றாக அழைத்து உட்கார வைக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மனசிலிருந்த மெட்டு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். நடந்துகொண்டே இருக்கிற எனக்கு வாய்த்தது அசையாத யந்திரம். ஒரு இடத்தில் அமைதியாக உட்காரத் தெரிந்த அவளுக்கு வாய்த்ததோ மலை ஏறி இறங்குகிற யந்திரம். யார் பங்கிட்டுக் கொடுத்தார்களோ, மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

அவள் தம்பி, என் மச்சான், வேர்க்கடலை மூட்டையோடு வந்தவன் இதைக் கவனித்துவிட்டான். தேர் தூக்குகிறவர்களில் முன்தண்டுக்காரன் அவன். தோள் அகலம், வாய் அதைவிட அகலம்.

"இன்னா மாமா, அக்கா வேற யார்கிட்டயோ ரகசியம் பேசிக்கினு கீற மாதிரி மொறைக்கிறீங்க?"

"போடா."

"ஒரு செல்லு மேல இவ்ளோ கோவம் ஆவாது மாமா. அத வாங்கிக் குடுத்ததே நீங்கதான்."

"வாங்கிக் குடுக்கல. கழிச்சுப் போட்டது."

"கழிச்சுப் போட்டது மேல எதுக்கு இந்தப் பார்வை?" என்றான் மச்சான். உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பு எனக்கா, தம்பிக்கா, செல்லுக்கா என்று அன்றைக்குப் பூராவும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திருவிழா நெருங்கியது. வழக்கம் போல நான் புதுப்பாட்டோடு பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். வார்த்தைகளில் அந்த வருஷம் எனக்கே ஒரு கர்வம் இருந்தது. "மலையிறங்கும் மழை போல வா, தாயே, எங்கள் மண் நனைய" என்று பல்லவி. அவளும் கூட வந்தாள், பூ அலங்காரம் பற்றிக் கேட்க. ஃபாதர் என் பாட்டை முழுசாகக் கேட்டார். கண்ணை மூடிக் கேட்டார், அதுவே நல்ல சகுனமில்லை.

"வார்த்தை ரொம்ப நல்லா இருக்குங்க," என்றார். மெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் காப்பி வந்தது. நான் வயலின் பகுதியை விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அவள் கைப்பைக்குள்ளிருந்து தொப், தொப், கடக். பையில் ஏதோ இடித்து ஆப் தானாக ஓடத் தொடங்கிவிட்டது. அவள் அவசரமாகத் துழாவினாள்.

"அதை நிறுத்தாதீங்கம்மா," என்றார் ஃபாதர்.

அவர் கண் திறந்திருந்தது. செருப்புக்குள் அவர் பெருவிரல் அசைவதை நான் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் அவர் மெதுவாக, வாய்க்குள்ளேயே, என் பல்லவியை அந்தத் தட்டலின் மேல் வைத்துப் பாடிப் பார்த்தார். பொருந்தியது. பொருந்தாமல் இருந்திருக்கலாம். நான் மெட்டுப் போட எத்தனை நாள் அந்த வரிகளோடு மல்லுக்கட்டினேன், அப்போதெல்லாம் முறைத்துக்கொண்டு நின்ற வார்த்தைகள், இவள் தாளத்தைக் கேட்டதும் எழுந்து கூடப் போய்விட்டன.

"மெட்டு அம்மாவோடது, வார்த்தை சாரோடது," என்று ஃபாதர் முடித்துவிட்டார். "சார், நீங்க அதைக் கம்ப்யூட்டர்ல போட்டு, பெரிய ஸ்பீக்கர்ல நல்லாக் கேக்கற மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க."

பாட்டுக்காரனாகப் போனேன், ஃபிட்டராகத் திரும்பி வந்தேன். வழியில் அவள் சொன்னாள், "நான் ஒண்ணும் கேக்கலைங்க, அதுவா ஓடிடிச்சி." அது எனக்குத் தெரியும். அதுவாக ஓடுவதுதானே என் வயிற்றெரிச்சல்.

அந்த வருஷம் தேருக்குப் புதுத் தண்டு போட்டிருந்தார்கள். எங்கள் ஊர்த் தேருக்குச் சக்கரம் கிடையாது, தோளில்தான் போகும். பழைய தண்டைவிடப் புதுசு நீளம் என்பதால், கொடியேற்றம் முடிந்து நவநாள் ஜெபம் நடக்கிற ஒன்பது நாளும் சாயங்காலம் கோயில் மைதானத்தில் வெறும் தேரைத் தூக்கி நடந்து பழகினார்கள். அதற்கு அவள் செல்லையே கோயில் மைக்கில் வைத்து ஓட்டினார்கள், பாடகர் குழுவும் கூடவே பாடிப் பழகியது என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. வேலை இருக்கிறது என்றேன். வேலை இருக்கத்தான் செய்தது. அவள் பாட்டை என் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிற வேலை.

டிராக்கரிலிருந்து ஒவ்வொரு ஒலியையும் தனித்தனிக் கோப்பாக எடுத்துக் கொடுத்திருந்தாள். கேபிள் போட்டு இறக்கினேன். பலாப்பழம் ஒரு வரிசை, தாழ்ப்பாள் ஒரு வரிசை, முத்திரை ஒரு வரிசை. மேலிருந்து கீழே விழுந்துகொண்டிருந்த பாட்டை நான் மெல்லப் பிடித்துப் படுக்கப் போட்டேன். என் திரையில் நேரம் கோடுகோடாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு அடியும் ஒரு கோட்டின் மேல் நிற்க வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் அடி கோட்டில். இரண்டாவது அடி கோட்டைத் தாண்டி. மூன்றாவது கோட்டில். நான்காவது தாண்டி. பாட்டு முழுக்க இப்படியே, ஒன்று விட்டு ஒன்று பிந்தி விழுந்திருந்தது.

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. அடுத்தவன் கடலைக்குள் புழு இருப்பதைக் கண்டவன் மாதிரி இருந்தது. செல்லுக்குத் தாளம் நிற்கத் தெரியவில்லை. மலை பஸ்ஸில் செய்தால் இப்படித்தான். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தியா, எல்லாம் தள்ளிப் போய்க் கீது."

அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். "தள்ளிப் போவலைங்க. நான்தான் அப்படிப் போட்டேன்."

செல்லைத் திறந்து காட்டினாள். டிராக்கரில் ஒவ்வொரு வரியும் எத்தனை துளி நேரம் நிற்க வேண்டும் என்று எழுதலாம். வழக்கமாக எல்லா வரிக்கும் ஆறு. அவள் ஒரு வரிக்கு ஏழு, அடுத்த வரிக்கு ஐந்து, மறுபடி ஏழு, மறுபடி ஐந்து என்று பாட்டு முடியும் வரை எழுதி வைத்திருந்தாள். கூட்டினால் அதே பன்னிரண்டு. மொத்தத்தில் ஒன்றும் கூடாது, குறையாது. ஆனால் ஒரு அடி நின்று விழும், அடுத்தது அவசரமாக விழும்.

"எதுக்கு?"

"தெரியல. ஆறு ஆறுன்னு போட்டா செத்த மாதிரி இருந்திச்சி. பஸ்ஸு அப்படித்தான் போவுது."

"பஸ்ஸு ஆடுதுன்னு பாட்டும் ஆடணுமா?"

"தேரும் ஆடுமில்லைங்க."

பெரிய ஸ்பீக்கரில் இதெல்லாம் தப்பாகத்தான் கேட்கும், இவ்வளவு வருஷமாக நான்தானே இதைச் செய்கிறேன் என்றேன். அவள் செல்லை இடுப்பில் செருகினாள். "உங்களுக்குத் தெரியாததா," என்றுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அந்த வார்த்தையில் குத்தல் இருந்ததா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் நன்றாக இருக்கும்.

எல்லா வரிசைகளையும் சேர்த்துப் பிடித்தேன். கீபோர்டில் ஒரே ஒரு எழுத்தை அழுத்தினேன். பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் ஓடி நிற்கிற மாதிரி, எல்லா அடியும் துள்ளி அந்தந்தக் கோட்டில் போய் நின்றது. ஓடவிட்டேன். சுத்தமாக இருந்தது. மேலே என் குரலையும் வயலினையும் தூவினேன். இப்போது அதில் நானும் இருந்தேன்.

தேர் பவனியன்று மாலைப் பூசை முடிந்ததும் வெளிச்சம் இருக்கும்போதே தேர் கிளம்பியது. டிரெய்லரில் ஸ்பீக்கர் கட்டியாயிற்று. பிளாஸ்டிக் நாற்காலி போட்டாயிற்று. நான் லேப்டாப்போடு ஏறி உட்கார்ந்தேன். ஃபாதர் கையைக் காட்டினார். தோளுக்குத் தேர் ஏறியது. பாட்டைப் போட்டேன்.

பத்தடி போயிருக்காது, பின்னால் சலசலப்பு கேட்டுத் திரும்பினால், மாதாவின் தலைக்கு மேலே குடையின் குஞ்சலங்கள் தாறுமாறாக ஆடிக்கொண்டிருந்தன. முன்தண்டு ஒரு பக்கம் சாய, பின்தண்டு மறுபக்கம் இழுத்தது. மின்விளக்கு மாலை ஒன்று கழன்று தொங்கியது. கூட்டத்தில் பெண்கள் "மாதாவே, மாதாவே" என்றார்கள். பாட்டோடு சேர்ந்துகொள்ள ஆளாளுக்குக் கால் மாற்றினார்கள். கால் மாற்ற மாற்ற இன்னும் கெட்டது. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் தேர் நின்றேவிட்டது. தாங்கு கட்டைகளைப் போட்டு இறக்கினார்கள். மச்சான் தோளைத் துடைத்துக்கொண்டு டிராக்டருக்கு வந்தான்.

"மாமா, இது எந்தப் பாட்டு?"

"உங்க அக்கா பாட்டுதான்."

"எங்க அக்கா பாட்டுக்குக் கால் தானா வரும் மாமா. இது போலீஸ் கிரவுண்டுல நடக்க வெக்கிது. ஒம்போது நாளா ஒரு மாதிரி பழக்கிட்டு இன்னிக்கி வேற போட்டா எப்படி?"

"போன வருஷம் வரைக்கும் நேர்த் தாளத்துலதானேடா நடந்தீங்க. அப்போ ஒண்ணும் ஆவலையே?"

மச்சான் ஸ்பீக்கரை ஒரு பார்வை பார்த்தான், என்னை ஒரு பார்வை பார்த்தான். அவன் கேலி செய்யவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

"அப்பல்லாம் பாட்டைக் கேட்டு நடக்கல மாமா. நாங்க எங்க பாட்டுக்கு நடந்தோம். அது அது பாட்டுக்கு ஓடிச்சி."

தேர் தூக்குகிறவர்கள் எங்கள் ஊரில் ஒரு அடியை நீட்டி, அடுத்த அடியைச் சுருக்கித்தான் வைப்பார்கள். ஒரே தோளில் பாரம் இருப்பதால் அப்படி. சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், டிரெய்லரில் முன்னால் பார்த்து உட்கார ஆரம்பித்ததிலிருந்து பார்த்ததில்லை. அவள் தினமும் பஸ்ஸில் ஆடிக்கொண்டே அந்த நடையை, தேர் நடை என்று தெரியாமலேயே, எண்ணாக எழுதி வைத்திருக்கிறாள்.

அதற்குள் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரெய்லரில் ஏறினாள். லேப்டாப்பிலிருந்து கேபிளை உருவித் தன் செல்லில் செருகினாள். செல்லை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். நான் எழுந்து நின்றிருந்தேன். நாற்காலியில் வைத்தாள்.

தொப், தொப், கடக்.

அதில் குரல் இல்லை, வயலின் இல்லை. பாடகர் குழுவும் பெண்களும் வாயாலேயே எடுத்துப் பாடினார்கள். தேர் மறுபடி தோளுக்கு ஏறியது. முன்தண்டு ஏழு என்று நீட்டியது, பின்தண்டு ஐந்து என்று சேர்ந்துகொண்டது. குஞ்சலங்கள் எல்லாம் ஒரே பக்கம் போய் ஒரே பக்கம் வந்தன. டிரெய்லரில் நாற்காலி காலியாக இல்லை, அதில் என் பழைய செல் உட்கார்ந்து ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. கும்பிட்ட கைகள் அதைக் கடந்து மாதாவிடம் போயின. எனக்கு அங்கே வேலை இல்லை. இறங்கிக் கூட்டத்தோடு நடந்தேன்.

"மலையிறங்கும் மழை போல வா, தாயே, எங்கள் மண் நனைய." என் வரிதான். ஆனால் எனக்கு அது இப்படி நடந்து காட்டியதே இல்லை. "மழை" என்கிற இடத்தில் கொஞ்சம் நின்று, "போல வா" என்று ஓடி வந்து விழுந்தது. பெற்று வளர்த்து, எழுத்தெழுத்தாகச் சீவி முடித்து அனுப்பியது நான். அடுத்தவள் தெருவில் அது இவ்வளவு அழகாக நடக்கிறது. அவள் மேல் இருந்த பொறாமை அப்போது என் வார்த்தைகள் மேலேயே திரும்பிவிட்டது. கீழே குனிந்து பார்த்தால், ஏரிக்கரையில் நாள் முழுக்க நேராக நடக்கிற என் கால்களும் ஒன்றை நீட்டி ஒன்றைச் சுருக்கிக்கொண்டிருந்தன. நிறுத்திப் பார்த்தேன். பின்னால் வந்தவர் இடித்துவிட்டு, "நடங்க சார்," என்றார்.

திருவிழா முடிந்து ஊர் பழைய சத்தத்துக்குத் திரும்பிய பிறகு, ஒரு நாள் சென்டர் கதவில் "சர்வர் வேலை செய்யவில்லை" என்று அட்டை மாட்டிவிட்டு அவளோடு போளூரில் மலை பஸ் ஏறினேன். அந்த ஜன்னல் சீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். என் புதுச் செல்லில் டிராக்கரை இறக்கியிருந்தேன். ஜன்னல் ஓரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் விட்டுக்கொடுத்தாள், எப்போதும் போல.

பஸ் ஏறியது. நிலக்கடலைக் கொல்லைகள் கீழே போயின. சிக்னல் ஒவ்வொரு கோடாக அணைந்தது. நான் ஏழு என்று போட்டேன், ஐந்து என்று போட்டேன், பஸ்ஸின் கதவையும் பதிந்துகொண்டேன். ஓடவிட்டால் கதவு ஆடுகிற சத்தம்தான் கேட்டது. அதில் பாட்டு இல்லை. ஐந்தை நாலாக்கினேன், ஏழை எட்டாக்கினேன். நொண்டியது. இரண்டாவது வளைவில் குமட்டியது.

அவள் எட்டிப் பார்த்தாள். "ஆறு ஆறுன்னே போடுங்களேன். உங்களுக்கு அது நல்லா வரும்."

"கிண்டலா?"

"இல்லைங்க, நெசமாத்தான் சொல்றேன். உங்க பாட்டெல்லாம் உக்காந்து கேக்கற பாட்டு. எனக்கு அது வரவே வராது. போட்டுப் பாத்தேன், தூங்கிட்டேன்."

நல்ல மனசோடு சொன்ன ஆறுதல்தான். எனக்கு அது போதவில்லை. செல்லை மூடிப் பையில் போட்டேன். அவள் தன்னுடையதைத் திறந்தாள். ஜன்னல் இல்லாத நடுசீட்டில், ஒரு பக்கம் என் தோளும் மறுபக்கம் யாரோ ஒருவருடைய புளி மூட்டையும் இடிக்க, அவள் கட்டைவிரல் வரி வரியாகக் கீழே இறங்கியது. அப்படியானால் விஷயம் ஜன்னலில் இல்லை. காதில் ஒரு இயர்போனை அவள் வைத்துக்கொண்டு, இன்னொன்றை என் காதில் வைத்தாள். புதுசு ஒன்று. இதில் தட்டல் இல்லை, மெதுவாக ஏறுகிற ஒரு இழுப்பு. கிறிஸ்துமஸுக்கு ஃபாதர் கேட்டிருக்கிறாராம்.

"ரெண்டு வரி குடுங்க," என்றாள். "வார்த்தை இல்லாம அது எங்க போறதுன்னு தெரியாம நிக்கிது."

இருந்தது. இயர்போன் காதில் ஏறிய உடனேயே இரண்டு வரியும் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டன. சொன்னால் அவையும் அவளோடு போய்விடும். ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்காது. நான் வெளியே பார்த்தேன். மேகம் ஒரு சரிவில் படுத்திருந்தது.

"இன்னாங்க, வரலையா?"

"யோசிக்கிறேன்."

அவள் கட்டைவிரல் காலி வரியின் மேல் காத்திருந்தது. டிரைவர் கியரைக் குறைத்தார், பஸ் பெருமூச்சு விட்டது, அடுத்த வளைவு வந்தது. அந்த வளைவு முழுக்கத் திரும்பி முடிகிற வரைக்கும் இரண்டு வரியையும் நான் எனக்கே வைத்துக்கொண்டேன்.